கடைசியாகக் கடித்தவர்

எக்ஸ்ரே குழாய் சுவரோரமாகக் கையை மடக்கிக்கொண்டு நின்றது. அதன் ஸ்விட்ச் அணைந்தே கிடந்தது. ஆனாலும் லேப்டாப் திரையில் ஒரு பல்வரிசையின் படம் வந்து நின்றது.

அவன் கையில் சார்ஜர் ஒயர் இருந்தது. இப்போதுதான் அதை மாட்டியிருந்தான். மாட்டியதும் லேப்டாப், இறங்குகிற குரலில் ஒரு மணி அடித்தது. யுஎஸ்பி கருவி ஒன்றின் இணைப்பு அறுந்துபோய்விட்டது என்று அர்த்தம். பிறகு ஏறுகிற குரலில் இன்னொரு மணி. போன கருவி திரும்பி வந்துவிட்டது. போய்வந்த கருவி, நாற்காலிக்குப் பக்கத்துத் தட்டில் கிடந்த சென்சார். கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்புத் தகடு, பின்னால் ஒரு நீள ஒயர். அதை நோயாளி வாய்க்குள் வைத்துக் கடித்துக்கொள்ள வேண்டும், வெளியிலிருந்து எக்ஸ்ரே பாய வேண்டும், அப்போதுதான் படம் வரும். தட்டில் சும்மா கிடக்கும் சென்சாருக்கு எந்த வாயும் தெரியாது.

படத்தில் நாலைந்து கடைவாய்ப் பற்கள், வேரோடும் எலும்போடும் பளிச்சென்று தெரிந்தன. யாரோ பழைய நோயாளியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டான். இந்த வகை சென்சாருக்கு எதையும் நினைவில் வைத்துக்கொள்கிற வசதியே கிடையாது என்பதும் அவனுக்குத் தெரியும். தெரிந்ததைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு வேலையைப் பார்த்தான்.

கிளினிக் அவன் தங்கையுடையது. நாளைக் காலையில் திறப்பு. முன்னறையில் இந்த நாற்காலி, பின்னால் கருவிகளைக் கொதிக்க வைக்கிற சின்ன அறை, தெருவைப் பார்த்து ஒரு கண்ணாடிக் கதவு. சுவரில் அவளே எழுதி மாட்டிய பலகை: பல் போனால் சொல் போச்சு. வீட்டில் இரண்டு டாக்டர் என்று அம்மா சொல்லிச் சிரிப்பாள். மகள் பல்லுக்கு, மகன் பெட்டிக்கு. ஊரில் பாதிக் கடைகளின் கம்ப்யூட்டருக்கு அவன்தான் வைத்தியம். இந்த லேப்டாப்புக்கும் அவனைத்தான் கூப்பிட்டிருந்தாள்.

"சார்ஜரை மாட்டினா சென்சார் கட் ஆகுதுண்ணா. கழட்டினாலும் கட் ஆகுது. நாளைக்கு முதல் பேஷண்ட் வாயைத் திறந்துட்டு உக்காந்திருக்கும்போது இப்படி ஆச்சுன்னா என் மானமே போயிடும்."

"மானம் போறதுக்குள்ள சரி பண்ணிடறேன். ஏன் கன்னத்தைப் பிடிச்சுட்டு நிக்கற?"

"மத்தியானத்துலேர்ந்து விண்ணு விண்ணுன்னு தெறிக்குது. இது கட் ஆகற நேரமாப் பாத்து இன்னும் ஜாஸ்தியா தெறிக்குது."

"டாக்டருக்கே பல்வலியா!"

"ஏன், டாக்டருக்குப் பல்லு இல்லையா? உன் கடைவாய்ப் பல்லுல ஒரு ஓட்டை இருக்கே, அதை எப்ப காட்டப் போற?"

"நீ முதல்ல உன் வாயைப் பாரு வாண்டு. உள்ள ஒயர் வேற ஓடுது. அதுக்கு எர்த் குடுத்தியா?"

பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அவளுக்குப் பல்லில் கம்பி கட்டியிருந்தார்கள். கழற்றிய பிறகு, பற்கள் மறுபடி கோணாமல் இருக்க, கீழ்வரிசை முன்பற்களுக்குப் பின்னால் மெல்லிய ஒயர் ஒன்றை ஒட்டிவிட்டார்கள். நாக்கைத் தூக்கி அதைக் காட்டுவது அவளுக்கு அப்போது பெரிய பெருமை. எர்த் கேலி அந்தக் காலத்திலிருந்தே உண்டு. அவளும் அந்தக் காலத்து அடியையே அவன் தோளில் வைத்தாள்.

சாமான் எல்லாம் பழையது. மூடிப்போன எந்தக் கிளினிக்கிலிருந்தோ நாற்காலி, சென்சார், கொறடுகள் என்று மொத்தமாக ஒருவர் கொண்டுவந்து இறக்கியிருந்தார். அடிமாட்டு விலை. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். இது தானம்கூட இல்லை, காசு கொடுத்தது, பார்த்திருக்க வேண்டும் என்றான்.

"பாத்தேண்ணா. பாக்காம அந்த ஆளு கிளம்ப மாட்டேன்னுட்டாரு. வாயில கைக்குட்டைய வச்சு மூடிக்கிட்டே பேசினாரு, பாதி புரியவே இல்ல. நீங்களே கடிச்சுப் பாருங்க டாக்டர், நீங்க கடிச்சாத்தான் எனக்கு நிம்மதின்னாரு. நானும் கடிச்சுப் படம் எடுத்துப் பாத்தேன். நல்லா வந்துது. அப்புறம்தான் இந்தக் கூத்து."

"சரி, நீ போய் உன் மிச்சக் கொறடை எல்லாம் கொதிக்க வை."

"ஃபோர்செப்ஸ்."

"பல்லை எடுக்கற எதுவும் கொறடுதான். போ."

அவள் வலிக்கு மரத்துப்போகிற ஊசியைத் தானே போட்டுக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் பின்னறைக்குப் போனாள். கதவு சாத்திக்கொண்டது. உள்ளே காற்றழுத்தும் மோட்டார் கடகடவென்று ஓட ஆரம்பித்தது. வெளியே சாயங்கால மழை பிடித்துக்கொண்டு, தெருவிளக்கு வெளிச்சத்தைக் கண்ணாடிக் கதவில் வழியவிட்டது. கிராம்புத் தைலமும் புதுப் பெயின்ட்டும் கலந்த வாசனை அறை முழுக்க நின்றது.

சென்சாரின் ஒயரை விளக்கடியில் பிடித்துப் பார்த்தான். தகட்டிலிருந்து ஒரு சாண் தூரத்துக்கு ரப்பர் உறையில் கடித்த தடங்கள் இருந்தன. நோயாளிகள் பதற்றத்தில் கடிப்பார்கள்தான். ஆனால் இவை தடத்தின் மேல் தடமாக, ஒரு வாய் அல்ல, பல வாய்கள், சின்னதும் பெரியதுமாகக் கடித்திருந்தன. சில இடங்களில் செம்பே தெரிந்தது. வலி தாங்கமுடியாதவன் பல்லைக் கடிப்பதுபோல் இந்த ஒயரைக் கடித்திருக்கிறார்கள். அவன் அதை மெதுவாகத் தட்டில், அவள் ஏற்கெனவே கொதிக்கவைத்துப் பரப்பியிருந்த கொறடுகளுக்குப் பக்கத்தில் வைத்தான்.

கோளாறைக் கண்டுபிடிக்க அவன் தொழிலில் ஒரே வழிதான். ஒன்றை மாற்று, கழற்றி மாட்டு, பார். அடுத்ததை மாற்று, கழற்றி மாட்டு, பார். முதலில் சென்சாரை வேறு துவாரத்தில் செருகினான். சார்ஜரைக் கழற்றினான்.

இறங்குகிற மணி. பின்னறையில் ஸ்டீல் தட்டில் ஏதோ விழுகிற சத்தம், 'டிங்' என்று. ஏறுகிற மணி.

புதுப் படம் வந்தது. அதே வாய். அதே கடைவாய். ஆனால் கடைசிப் பல் இருந்த இடத்தில் எலும்புக்குள் ஒரு குழி மட்டும் இருந்தது. குழியின் ஓரம் பிய்ந்திருந்தது.

இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். யாருக்கோ பல் எடுத்திருக்கிறார்கள். எடுப்பதற்கு முன் ஒன்று, எடுத்த பின் ஒன்று. பழைய டாக்டர் ஒழுங்கானவர் போலிருக்கிறது. அந்தச் சமாதானம் அவனுக்கே அரைகுறையாகத்தான் பட்டது.

"வாண்டு, வலி பரவாயில்லையா?" என்று கத்தினான்.

மோட்டார் சத்தத்துக்கு அப்பாலிருந்து "ம்ம்" என்று வந்தது. ஊசி வேலை செய்கிறது, வாய் மரத்திருக்கும்.

மின்சாரத்தை மிச்சப்படுத்துகிறேன் பேர்வழி என்று லேப்டாப்புகள் யுஎஸ்பி துவாரங்களைத் தூங்கவைத்துவிடும். பேட்டரியிலிருந்து கரண்ட்டுக்கு மாறும்போதெல்லாம் எழுப்பித் திரும்பத் தட்டிக் கொடுக்கும். இந்த எழுப்புதலில்தான் பெரும்பாலும் கருவி அறுந்துபோகும். அமைப்புகளுக்குள் போய் தூங்கவைக்கிற அனுமதியை எடுத்துவிட்டான். இதுதான் வியாதி என்று தொண்ணூறு சதவீதம் நம்பிக்கை இருந்தது. சார்ஜரை மாட்டினான்.

இறங்குகிற மணி. டிங். ஏறுகிற மணி.

இன்னொரு பல் இல்லை. இந்தத் தடவை சுலபமாக வந்த மாதிரித் தெரியவில்லை. வேரில் பாதி ஒடிந்து உள்ளேயே நின்றது, சுற்றியிருந்த எலும்பில் மயிரிழைகளாக விரிசல் ஓடியிருந்தது.

சார்ஜர் போட்ட லேப்டாப்பின் உலோக மூடியைத் தொட்டால் விரலில் சுருசுருவென்று ஊர்ந்தது. எர்த் கோளாறாக இருக்கலாம். இருக்க வேண்டும். மீட்டரை வைத்துப் பார்த்தான். எர்த் சுத்தமாக இருந்தது. வேறு பிளக் பாயின்ட்டுக்கு மாற்றினான். மாற்றக் கழற்ற வேண்டும், மாட்ட வேண்டும். இறங்கும் மணி, டிங், ஏறும் மணி. இறங்கும் மணி, டிங், ஏறும் மணி.

கைக்கு அந்த வேலை பழக்கம். மனசு வேண்டாம் என்றபோதும் கை செய்துகொண்டிருந்தது. படங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. இப்போது பழைய படம் என்ற சமாதானம் நிற்கவில்லை. இரண்டாவது படத்திலிருந்த குழிக்கும் மூன்றாவதிலிருந்த குழிக்கும் நடுவே ஆறியதற்கான அடையாளமே இல்லை. ஒரே உட்காரலில், ஒரே வாயிலிருந்து, ஒன்றன்பின் ஒன்றாக, யாரோ எடுத்துக்கொண்டே போகிறார்கள். அவன் சார்ஜரைத் தொடும்போதெல்லாம் எடுக்கிறார்கள்.

அந்த 'டிங்'.

மணிக்கும் மணிக்கும் நடுவில், ஒவ்வொரு தடவையும்.

தெருவில் இடி இறங்கியது. டியூப்லைட் அணைந்து எரிந்தது. அவன் எதையும் தொடவில்லை. இறங்கும் மணி அடித்தது.

டிங்.

ஏறும் மணி.

புதுப் படம் கடைவாய் அல்ல. கீழ்வரிசை முன்பற்கள். ஒன்று போயிருந்தது. மிச்சமிருந்தவற்றின் பின்னால் மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று, பல்லுக்குப் பல் தாவி ஓடி, போன பல்லின் இடத்தில் அறுந்து வெளியே வளைந்து நீட்டிக்கொண்டிருந்தது.

ஒயர்.

பின்னறைக் கதவில் மோதித் திறந்தான்.

அவள் கைகழுவும் தொட்டிக்கு மேலிருந்த கண்ணாடியைப் பார்த்து நின்றாள். வெள்ளைக் கோட்டின் முன்பக்கம் இடுப்பு வரை நனைந்து சிவப்பாக ஒட்டியிருந்தது. தொட்டியில் குழாய்த் தண்ணீர் இளஞ்சிவப்பாக ஓடியது. இடது கையால் கீழ்த்தாடையை இழுத்துப் பிடித்திருந்தாள். வலது கையில் கொறடு. பக்கத்து ஸ்டீல் தட்டில் பற்கள், சில முழுசாக, சில சதையோடு. கண்ணாடிக்குள்ளிருந்து இரண்டு கண்கள் அவனைப் பார்த்து ஓயாமல் அழுதன. அந்த முகத்தில் அவள் சொல்படி கேட்பது கண்கள் மட்டும்தான்.

"கலத்தாதண்ணா..." என்றாள். கழட்டாதே என்பது உள்ளே மடிந்த உதட்டில் அப்படித்தான் வந்தது. "அண்ணா... கலத்தாத..."

மோட்டார் சத்தத்துக்கு இந்தப் பக்கம் இதைத்தான் இவ்வளவு நேரமும் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். அவன் 'ம்ம்' என்று கேட்டது இதைத்தான். கொறடை எடுக்கச் சொல்லி அவளை அனுப்பியதும் அவன்தான்.

"விடு! அதை விடு வாண்டு!"

"கை... என் கை இல்லண்ணா."

அவள் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்து முறுக்கினான். சின்ன வயதில் ஒரு கையாலேயே அடக்கிய மணிக்கட்டு அது. இப்போது இரும்புக் குழாய் மாதிரி அசையாமல் நின்றது. விரல்களைப் பிரிக்கப் பார்த்தான். ஒரு விரலின் கணு மளுக்கென்று இறங்கியது, ஆனால் பிடி தளரவில்லை. அவள் வலியில் ஊளையிட்டாள். விளக்கு சிமிட்டியது. முன்னறையில் மணி இறங்கியது.

கை எழுந்தது. அவன் முழு எடையையும் தூக்கிக்கொண்டு எழுந்தது. கொறடு அவள் உதட்டைக் கிழித்துக்கொண்டு உள்ளே போய், மேல்பல் ஒன்றைக் கவ்வி, இடவலமாக ஆட்டியது. பச்சை முருங்கைக் கிளை ஒடிகிற மாதிரி ஒரு சத்தம் அவள் மண்டைக்குள்ளிருந்து வந்தது. சூடாக ஏதோ அவன் கண்ணில் தெறித்தது. அவள் முழங்கை அவன் நெஞ்சில் இடித்து, அவனைக் கொதிகலன் மேல் தள்ளியது.

டிங்.

முன்னறைக்கு ஓடினான். சார்ஜர் மாட்டியபடி இருந்தது. அதைக் கழற்றினால் ஒரு பல். கழற்றாவிட்டால், மழைக்கு ஆடுகிற இந்தக் கரண்ட்டின் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு பல். பேட்டரியில் மூச்சு இல்லை. கழற்றிப் போட்டாலும் சில நிமிடத்தில் அணையும், அணைந்தால் அதுவும் அறுபடுவதுதான். மூலத்தையே எடுத்துவிடலாம். சென்சாரின் பிளக்கைப் பிடித்து, அவளிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, லேப்டாப்பிலிருந்து உருவினான்.

இறங்கும் மணி. உள்ளே அவள் அலறல். டிங்.

பிளக் அவன் கையில் இருந்தது. எதிலும் செருகாமல், காற்றில்.

ஏறும் மணி அடித்தது.

படம் வந்தது.

அவன் அந்தப் பிளக்கையே பார்த்துக்கொண்டு நின்றான். அப்படியானால் ஒயருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. துவாரத்துக்கும் லேப்டாப்புக்கும் சம்பந்தமில்லை. இது வேறெங்கோ மாட்டியிருக்கிறது. ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தால் கடைசியில் மிஞ்சுவதுதான் காரணம், மிஞ்சியது ஒன்றுதான். அவள் இதைக் கடித்தாள். கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு ஒருவர் நின்று, கடிக்கச் சொல்லி, கடிக்கும்வரை காத்திருந்து, நிம்மதியாகப் போனார். அந்தக் கைக்குட்டைக்குப் பின்னால் என்ன இருந்திருக்கும் என்று இப்போது அவனுக்குத் தெரிந்தது. என்ன இல்லை என்று தெரிந்தது.

வேறு யாராவது கடித்தால் அவளை விட்டுவிடும்.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே, மழைக்கு ஒதுங்கி ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தார். உள்ளே விளக்கு சிமிட்டுவதைப் பார்த்து, கரண்ட் படுத்துகிற பாட்டுக்கு ஒரு பொதுவான சிரிப்பு சிரித்தார். எல்லாப் பல்லும் தெரிந்தது. நல்ல, வரிசையான பற்கள். உள்ள வாங்க சார், நாளைக்குத் திறப்பு, இன்னைக்கு இலவசம், இதைக் கொஞ்சம் கடிங்க. அவ்வளவுதான் சொல்ல வேண்டும். சொற்கள் நாக்கு நுனிவரை வந்துவிட்டன. அவன் கதவை நோக்கி ஓர் அடி வைத்தும்விட்டான்.

விளக்கு ஆடியது. மணி. உள்ளே இப்போது அலறல்கூட வரவில்லை, தண்ணீருக்குள்ளிருந்து கூப்பிடுகிற மாதிரி 'அண்ணா' என்று மட்டும் வந்தது. அதில் பாதி எழுத்துக்கூட மிச்சமில்லை.

டிங்.

அவன் நாற்காலியில் உட்கார்ந்தான். தகட்டை வாய்க்குள் வைத்தான். அது ஏற்கெனவே சூடாக, ஈரமாக இருந்தது. பயத்தில் அவனுக்குக் கண்ணீர் வந்தது, வெட்கப்படாமல் அழுதான். கண்ணை மூடிக்கொண்டு கடித்தான்.

ஏறும் மணி.

திரையில் ஒரு புது வாய். முழு வரிசை. கடைவாய்ப் பல் ஒன்றில், அவள் ஆறு மாதமாகக் காட்டச் சொல்லி நச்சரித்த கறுப்பு ஓட்டை.

பின்னறையில் கொறடு தரையில் விழுந்து உருண்டது. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். கை இப்போது அவளுடையதாகத் தொங்கியது, நடுவிரல் கோணிக்கொண்டு. அவனையும், வாயிலிருந்து நீண்ட ஒயரையும், திரையையும் மாறிமாறிப் பார்த்தாள். டாக்டர் அல்லவா, படத்தைப் பார்த்ததும் யார் வாய் என்று புரிந்துவிட்டது. இல்லை, இல்லை என்று தலையாட்டினாள். ரத்தம் இரண்டு பக்கமும் சிதறியது.

அவன் சிரிக்கப் பார்த்தான். பரவாயில்லை என்று சொல்லப் பார்த்தான். நாக்கு அசையவில்லை. அவனுடைய வலது கை நாற்காலியின் கைப்பிடியிலிருந்து எழுந்து, பக்கத்துத் தட்டுக்குப் போய், நாளைய முதல் நோயாளிக்கென்று அவள் துடைத்துப் பரப்பியிருந்த கொறடுகளின்மேல் ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டு போனது. கடைவாய்க்கான பெரிய கொறட்டின்மேல் நின்றது. எடுத்தது. அவனுக்கு யாரும் ஊசி போட்டிருக்கவில்லை.

அவள் ஓடிப்போய்ச் சுவரில் செருகியிருந்த சார்ஜர் தலையை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். ஒரு நூல்கூட அசையவிடாமல், நெற்றியைச் சுவரில் முட்டுக்கொடுத்து, பல் போன வாயால் ஏதோ வேண்டிக்கொண்டே பிடித்துக்கொண்டிருந்தாள்.

வெளியே எங்கோ இடி உருண்டது. அவளுக்கு மேலே டியூப்லைட்டின் ஒரு முனை மங்கியது. நாற்காலியில் அவன் வாய் தானாகத் திறந்தது.